சோணைச்சாமி வேண்டாமென்ற கிடா

கரட்டுப்பட்டி மோட்டார் மெக்கானிக் மொக்கராசுவைப் புத்திசாலி என்று ஊர் சொன்னதைவிட அவனே சொல்லிக்கொண்டது அதிகம். ஆனால் கிடா விஷயத்தில் அவன் செய்தது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம்தான் என்பதை அவனைக் கண்டால் ஆகாதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். அரசாங்கம் கொன்று புதைக்கச் சொன்ன ஆட்டை மற்றவர்கள் கொல்லையிலும் குடோனிலும் ஒளித்தார்கள். அவன் அதற்கு மாலை போட்டு நடுத்தெருவில் நடக்கவிட்டான்.

அது பச்சை ரத்த ஆடு. நாக்கு, ஈறு, கண்ணோரம் எல்லாம் வெண்டைக்காய் நிறத்தில் இருக்கும். மலையடிவார ஊர்களில் ஓடைக்காய்ச்சல் வந்து, தொட்டில் கட்டிய வீட்டிலெல்லாம் இழவு விழுந்த காலத்தில் ஒரு மருந்துக் கம்பெனி அதை உண்டாக்கியது. எங்கோ தீவுக் காட்டில் வாழும் ஒரு பல்லி இனத்துக்கு ரத்தம் பச்சையாம். காய்ச்சல் கிருமி சிவப்பு ரத்தத்தில்தான் குடும்பம் நடத்துமாம், பச்சைக்குள் போனால் அதுவே செத்துவிடுமாம். பல்லியின் அந்தக் குணத்தை முதலில் ஆட்டுக்கு ஏற்றினார்கள். ஆடு சாகவில்லை. அடுத்து கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டார்கள். மொக்கராசுவின் மனைவி போதுமணியும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் நிறத்தையா பார்ப்பாள்?

இலக்கியா பச்சை நகங்களோடு பிறந்தாள், பிழைத்துக் கிடந்தாள். அவளோடு சேர்த்து ஊரில் அப்படி ஐந்து பிள்ளைகள். சில வருடங்களில் எல்லாருக்கும் போடும்படி ஒரு தடுப்பூசி வந்து காய்ச்சலே ஒழிந்துபோனது. கம்பெனி கடையைக் கட்டியது. பிள்ளைகளும், அவர்களுக்கு ஆபத்துக்கு ரத்தம் எடுக்க வீட்டுக்கொன்றாகக் கொடுத்திருந்த ஆடுகளும்தான் மிச்சம். அதன்பிறகு, உரிமம் முடிந்துவிட்டதால் ஆடுகளை அழிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. பிள்ளைகளைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை.

அதிகாரிகள் வேனோடு வருகிறார்கள் என்று தெரிந்த காலையிலேயே மொக்கராசு தன் கிடாவின் காதை நறுக்கி அடையாளம் வைத்து, மாலை போட்டு, சோணைச்சாமி கோயிலுக்கு ஓட்டிக்கொண்டுபோய், "சாமிக்கு விட்டாச்சு" என்று சொல்லிவிட்டான். நேர்ந்துவிட்ட கிடாமேல் கை வைக்க எந்த அதிகாரிக்கும் தைரியம் வராது. மற்ற நான்கு ஆடுகளும் வேனில் போயின. இது மட்டும் ஊரில் யார் காட்டிலும் மேய்ந்து, யார் வாசலிலும் படுத்து, எவரும் விரட்டாத ராஜாவாகத் திரிந்தது.

சாமிக்கு விட்டதை ஒருநாள் வெட்டித்தானே ஆகவேண்டும்? அதற்கும் அவன் கணக்கு வைத்திருந்தான். திருவிழாவில் முதலில் வெட்டும் கிடா யாருடையது என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் கோர்ட்டுக்குப் போய், கோயில் பூட்டிக் கிடந்தது. வக்கீல்கள் உயிரோடு இருக்கும்வரை தன் கிடாவுக்கும் ஆயுசு என்று அவன் நம்பினான். அந்த ஆவணியில் இரண்டு தெருவும் ராசியாகிப் போயின. அதே ஆவணியில் இலக்கியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சுருண்டு விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மண்ணீரல் வீங்கிக் கிடக்கிறது, எடுத்தாக வேண்டும், ரத்தத்துக்கு வழி செய்துகொண்டு வாருங்கள் என்று ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தார்கள். ரத்தத்துக்கு எங்கே போவது என்றதற்கு, கால்நடை டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பச்சைப் பிள்ளைகளுக்கு அது பழக்கம்தான். சளி, காய்ச்சலுக்குக்கூட எந்த டாக்டரும் தொடமாட்டார். கன்றுக்குட்டிகளுக்கும் கோழிகளுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

டாக்டர் ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கம். அதட்டிப் பேசுவார், ஆனால் பிள்ளைகளைத் தொடும்போது கை மிருதுவாக இருக்கும். இலக்கியாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அவளை வெளியே ஆட்டுக்குட்டியிடம் விளையாட அனுப்பினார்.

"சாதா ரத்தம் ஏத்தவே முடியாதா டாக்டரம்மா? நான் தர்றேன். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றான் மொக்கராசு.

"உங்க ரத்தம் உள்ள போனா அவ உடம்பு அதை எதிரின்னு நினைச்சு ஒடைச்சுப் போட்டுரும். பெத்த அப்பன்னெல்லாம் ரத்தத்துக்குத் தெரியாது. அந்த ஆட்டு ரத்தத்தை மட்டும்தான் இந்தப் பிள்ளைங்களுக்கு ஒத்துப்போற மாதிரி செஞ்சிருக்காங்க."

"அப்ப இப்பவே எடுத்து பாட்டில்ல வச்சிருவோம்."

"வச்சா காலையில எடுத்தது சாயங்காலம் கெட்டுப்போகும். ஆபரேஷன் அன்னைக்கு வேணும், அப்புறம் காயம் ஆறுறவரைக்கும் எப்ப வேணாலும் வேணும். ஆடு உசிரோட நிக்கணும், மொக்கராசு. எப்பத் திருவிழா?"

"ஆபரேஷனுக்கு முந்துன வாரம்."

டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

மொக்கராசு நேராகப் பூசாரி ஒச்சப்பனிடம் போனான். ஒச்சப்பன் அவனுக்குச் சித்தப்பா முறை, கெட்டவரும் அல்ல. கோயில் வாசலில் அரிவாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் முழுக்கக் கேட்டார்.

"பிள்ளை உசுரு சித்தப்பு. மாத்துக்கெடா ரெண்டு விடுறேன்."

"நீயாத்தானே மாலை போட்டு விட்ட. சாமியாடா உன் வாசல்ல வந்து கேட்டுச்சு?" என்றார் ஒச்சப்பன். "நான் சரின்னுருவேன். ரெண்டு தெருவும் ஒத்துக்கிருமா? எங்க கெடா மொத வெட்டா, உங்க கெடா மொத வெட்டான்னு கெடந்த சண்டை, எந்தத் தெருவுலயும் சேராத மொக்கராசு கெடான்னு ஆன பிறகுதான் முடிஞ்சுச்சு. இப்பப் போயி மாத்துன்னா மறுபடியும் கோர்ட்டு, மறுபடியும் கோயிலுக்குப் பூட்டு. ஊர் உன்னைய உரிச்சுப்புடும்."

"வேற வழியே இல்லையா?"

"சாமியே வேண்டாம்னா உண்டு. மஞ்சத்தண்ணி ஊத்துவேன். கெடா ஒடம்பை உதறுனா சாமி உத்தரவு, வெட்டு. மூணு தரம் ஊத்தியும் உதறலேன்னா சாமி வேண்டாங்குது, ஓட்டிட்டுப் போயிரலாம், ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது. ஆனா ஒண்ணு, உதறாத கெடாவை என் காலத்துல நான் பாத்ததில்லடா."

மொக்கராசு வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் போனான். அவன் சொன்னதைக் கேட்டு ஜெசிந்தா எழுந்து கதவைச் சாத்தினார்.

"காதுல தண்ணி பட்டா ஆடு உதறும். அது நரம்பு செய்யுத வேலை. கொஞ்சமா மயக்க மருந்து போட்டா நிக்கும், நடக்கும், எதுக்கும் அலட்டிக்காது. முடியும். ஆனா வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும். உங்களை ஊரே வெட்டிரும்."

"தெரியாது."

"நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. உங்க சாமி விஷயத்துல நான் கை வைக்கிறது எனக்கே சரியாப் படல."

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க பிள்ளைக்குச் சொல்லுங்க" என்றான் அவன்.

திருவிழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. இத்தனை வருடம் கழித்து நடக்கும் திருவிழா என்பதால் வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள். இலக்கியா வீட்டில் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்ததால் மொக்கராசு அவளைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். பதினோரு வயதுப் பிள்ளை, சுமையே தெரியவில்லை. போதுமணி முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு பின்னால் நின்றாள். கிடாவுக்கு டாக்டர் போட்ட ஊசி விஷயத்தை அவளுக்கும் அவன் சொல்லவில்லை.

கிடா சாமி முன்னால் தூங்குமூஞ்சியாக நின்றது. ஒச்சப்பன் செம்பைத் தூக்கி அதன் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் காது வழியாக வழிந்து மண்ணில் இறங்கியது. கிடா அசையவில்லை. மேளம் சத்தமாக எழுந்தது. இரண்டாவது செம்பு. கிடா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. கூட்டம் குலவையிட்டு, சாமியைக் கூப்பிட்டு, கும்பிட்டுக் கெஞ்சியது. மூன்றாவது செம்பை ஒச்சப்பன் காதுக்குள்ளேயே போகும்படி ஊற்றினார். ஒன்றுமில்லை. மேளக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையை எடுத்தார்கள். ஒச்சப்பன் கிடாவின் கயிற்றை எடுத்து மொக்கராசுவிடம் கொடுத்தார்.

பூக்கட்டிப் பார்த்ததில் சாமி உத்தரவாக அடுத்து வந்தது மேலத்தெருக் கிடா. தண்ணீர் பட்டதும் அது சடசடவென்று உதறியது. அடுத்த நொடி தலை தனியாகக் கிடந்தது. சிவப்பு ரத்தத்தை அத்தனை பக்கத்தில் இலக்கியா பார்த்தது அதுதான் முதல்முறை. வரிசையாக ஏழெட்டுக் கிடாக்கள், உதறியதெல்லாம் வெட்டுப்பட்டது. அவள் அப்பாவின் தலைமுடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நம்ம கெடாவை மட்டும் ஏன்ப்பா விட்டாக?" என்று வழியில் கேட்டாள்.

மொக்கராசு சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தான். "அது கெட்டிக்காரக் கெடாம்மா. அசையாம நின்னுச்சுல்ல, அதான் பொழைச்சுக்கிருச்சு" என்றான்.

மருந்து கிடாவின் உடம்பைவிட்டு இறங்கும்வரை காத்திருந்து, டாக்டரே வண்டி வைத்து அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். பாட்டிலில் பச்சையாக ரத்தம் இறங்குவதை நர்சுகள் கூடி நின்று பார்த்தார்கள். ஒரு நர்சு மட்டும் பார்க்கமாட்டேன் என்று போய்விட்டாள். இலக்கியா பிழைத்தாள். ஒரு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், அதன்பிறகு இன்னொரு மாதம் போதுமணியின் தங்கை வீட்டிலும் இருந்து உடம்பு தேறி ஊருக்கு வந்தாள். கிடாவும் கூட வந்தது, முன்னைக்குக் கொஞ்சம் மெலிந்து.

ஊர்தான் மாறிப்போயிருந்தது. ஐப்பசி மழை பெய்யவில்லை. மேலத்தெருப் பெரியவர் ஒருவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. கீழத்தெருவில் இரட்டைக் கன்று செத்துப் பிறந்தது. எந்த வருடமும் நடக்கக்கூடியவைதான். ஆனால் இந்த வருடம் அவற்றுக்கெல்லாம் ஒரு காரணம் தயாராக இருந்தது. சோணைச்சாமி மூன்று தடவை கேட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டார். எதை வேண்டாமென்றார்? பச்சையை. சாமிக்கே ஆகாத ரத்தத்தை ஊருக்குள் வைத்துக்கொண்டு குளத்தில் தண்ணீர் எப்படி வரும்? டீக்கடையில் பச்சைப் பிள்ளைகளின் வீட்டாருக்குத் தனி டம்ளர் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்து பேரும் ஒரே பெஞ்சுக்கு மாற்றப்பட்டார்கள். ஒரு பிள்ளையின் தலையில் கல் விழுந்து பச்சை வழிந்தபோது எறிந்தவன் வீட்டில் எவரும் அவனைத் திட்டவில்லை.

அந்தப் பிள்ளையின் தாய் மொக்கராசுவின் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்க கெடா உதறியிருந்தா எங்க பிள்ளைக நல்லா இருந்திருக்குமேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். உண்மையைச் சொன்னால் சாமியை ஏமாற்றியவன் ஆவான், டாக்டருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் ஐந்து வீடும் சீரழியும். எப்படிப் பார்த்தாலும் தன் கெட்டிக்காரத்தனம்தான் ஊர் தலையில் விடிந்திருக்கிறது என்பது அவனுக்கு உறைத்தது. உறைத்தும் அவன் புத்தி இன்னொரு வழியைத்தான் தேடியது.

மார்கழி பிறந்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஐந்து குடும்பமும் பாழடைந்த அணைக்கட்டுக் குடியிருப்புக்குப் போய்விட வேண்டும் என்று பேச்சு முற்றியபோது மொக்கராசு எழுந்தான்.

"கெடா வேற, பிள்ளைக வேற. கெடாவைத்தான் சாமி வேண்டாம்னுச்சு. பிள்ளைகளைக் கேட்டீகளா? அதே மஞ்சத்தண்ணியைப் பிள்ளைகமேல ஊத்துங்க. உதறுனா சாமி ஏத்துக்கிருச்சு, ஊர்ப்பிள்ளை, எவனும் பேசக்கூடாது. உதறலேன்னா நாங்களே போயிர்றோம்."

கூட்டம் முணுமுணுத்தது. நியாயமான பேச்சாகத்தான் பட்டது. ஒச்சப்பனின் முகத்தில்கூடப் பாரம் இறங்கியது தெரிந்தது. இரண்டு தெருவும் அரிவாளைத் தொட்டுச் சத்தியம் செய்தன, ஐந்து தகப்பன்மாரும் செய்தார்கள். மார்கழி விடியற்காலையில், மலையிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரை வெறும் உடம்பில் ஊற்றினால் எந்தப் பிள்ளைதான் உதறாது? மொக்கராசு அன்று பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

சேதி கேட்டு ஜெசிந்தா போன் செய்தார்.

"என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? இது சட்டப்படி குத்தம், தெரியுமா?"

"சட்டம் எங்க பிள்ளைகளைப் பத்தி எப்பத் தாயி பேசியிருக்கு? பச்சத்தண்ணி. ரெண்டு நிமிஷம். அதோட முடிஞ்சுச்சு."

"ஆட்டுக்கு நரம்பு மட்டும்தான், மொக்கராசு. பிள்ளைங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கு. அவகிட்டச் சொன்னீங்களா, எதுக்குத் தண்ணி ஊத்துதாங்கன்னு?"

"அதெல்லாம் சொல்லிப் பயமுறுத்தவா" என்றான் அவன்.

ஆனாலும் கோயிலுக்குக் கிளம்பும்போது அவள் தலையைத் தடவி, "கோயில்ல தண்ணி ஊத்துவாக. பயப்படாம நில்லு. அப்பா பக்கத்துலயே இருப்பேன்" என்றான்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் இலக்கியா. அவள் குரலில் இருந்த நிதானம் அவனுக்குப் பெருமையாக இருந்தது.

பனி இன்னும் விலகவில்லை. கிடாக்கள் நின்ற இடத்திலேயே, ஒற்றைத் துண்டோடு ஐந்து பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அரிவாள் பக்கத்தில்தான் இருந்தது, அது எப்போதும் இருக்கும் இடத்தில். கல்லடிபட்ட பிள்ளைதான் முதலில். தண்ணீர் தலையில் விழுவதற்குள்ளேயே அவன் வெடவெடவென்று உதறினான். மேளம் அதிர்ந்தது. அவன் தாய் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அடுத்தவன் உதறினான். அடுத்தவள் உதறி அழுதாள். நான்காவது பிள்ளைக்குப் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கூட்டத்துக்கே கேட்டது. ஒவ்வொரு பிள்ளை உதறும்போதும் இலக்கியா அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அரிவாளைப் பார்த்தாள். அவள் பார்வை போன இடத்தை மொக்கராசு அப்போதுதான் கவனித்தான்.

அவள் முறை வந்தது. ஒச்சப்பன் செம்பைக் கவிழ்த்தார்.

அவள் அசையவில்லை. கைகளை மூடி, கால் விரல்களை மண்ணில் ஊன்றி, கண்களை இறுக்கிக்கொண்டு நின்றாள். இரண்டாவது செம்பு. ஆபரேஷன் தழும்புக்கு மேலே வயிற்றுச் சதை துடித்தது, அதை அவள் மூச்சைப் பிடித்து அடக்கினாள். கீழுதட்டைக் கடித்த இடத்தில் பச்சையாக ஒரு சொட்டு வந்தது. சித்தப்பு, அவளுக்குப் புரியவில்லை, வெட்டிவிடுவீர்கள் என்று நினைக்கிறாள் என்று கத்த மொக்கராசு வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் கிடாவின் கதை முழுவதும் வந்து அடைத்துக்கொண்டது. ஊசி, டாக்டர், உதறிவிட்டுச் சந்தோஷமாக நிற்கும் அந்த நான்கு பிள்ளைகள், அரிவாளைத் தொட்ட தன் கை. இந்தச் சாமி பொய் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் அந்த நான்கு பேருக்குக் கிடைத்த உத்தரவும் பொய்யாகிவிடும்.

"குளுருதுல்லம்மா, ஒடம்பை உதறும்மா" என்று போதுமணிதான் கத்தினாள். "யாரும் பேசக்கூடாது" என்று நாலைந்து குரல்கள் அவளை அடக்கின. இலக்கியா அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், கவலைப்படாதே என்பதுபோல.

ஒச்சப்பன் மூன்றாவது செம்பைத் தூக்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு சொட்டுச் சொட்டாக, மெதுவாக, அவள் காதோரம் ஊற்றினார். தண்ணீர் தீர்ந்தது. அவர் செம்பைத் தரையில் வைத்துவிட்டு, மொக்கராசுவின் முகத்தைப் பார்க்காமல் சாமியின் பக்கம் திரும்பிக்கொண்டார். மேளம் நின்றது. நான்கு பிள்ளைகளின் வீட்டார் தங்கள் பிள்ளைகளைத் துண்டில் சுற்றி, இலக்கியாவிடமிருந்து ஓரடி தள்ளி அணைத்துக்கொண்டார்கள்.

இலக்கியா கண்ணைத் திறந்தாள். யாரும் தன் கழுத்தைப் பிடிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஓடிவந்து அப்பாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் அவள் உடம்பு உதறத் தொடங்கியது. பல் அடிக்க, முழங்கால் தட்ட, நிறுத்த முடியாமல் உதறினாள். மொக்கராசு அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் தேடினான். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியாப்பா" என்றாள் அவள், பற்களுக்கு நடுவே. "நான் அசையவே இல்ல."